காசு கட்டின ஜேர்னல் எங்க போய் ஒளிக்குது?

கேளுங்கோ, தேடிப்பாப்பம் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில இந்தப் பக்கத்தின்ர அடியில 'லைப்ரரி, கட்டலொக், ஒன்லைன் ஜேர்னல் பற்றி ஏதும் கேக்க இருந்தா அனுப்புங்கோ' எண்டு ஒரு வரி போட்டனான், ரெண்டு மூண்டு கடிதம் வந்தாலே பெரிசு எண்டு நினைச்சன், வட்ஸ்அப்பில மட்டும் இருபதுக்கு மேல வந்து கிடக்கு. எல்லாத்துக்கும் இடம் காணாது. ஒரே கேள்வியை நாலு பேர் நாலு விதமாக் கேட்டிருந்தா ஒண்டாச் சேர்த்திருக்கிறன், கோவிக்காதேங்கோ. நான் ஒரு கம்பஸ் லைப்ரரியில பட்டியலாக்கப் பகுதியில கன வருசம் இருந்து பென்சன் எடுத்த ஆள், அதால கதை அடிக்கடி கட்டலொக் பக்கம் சாயும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி (எம்ஏ மாணவி, கொக்குவில்): அக்கா, லைப்ரரிக்குள்ள இருந்து பாக்கேக்க வடிவாத் திறக்கிற கட்டுரை, வீட்டை வந்து அதே லிங்கை அமத்தினா 39 டொலர் கட்டு எண்டு கேக்குது. நான் என்ன பிழை விடுறன்?

பதில்: பிள்ளை, நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. ஜேர்னல் போடுற கொம்பனிக்கு உங்களை ஆரெண்டே தெரியாது. கோயில் மடத்தில அன்னதானம் குடுக்கேக்க பேர் ஊர் கேக்கிறேல்லைத்தானே, பந்தியில இருந்தா இலை விழும், அது மாதிரித்தான் இதுவும், அவையின்ர சேர்வர் பாக்கிறது நீங்கள் எந்த இன்டர்நெட் லைனில இருந்து வாறீங்கள் எண்ட ஐபி நம்பரை மட்டும். கம்பஸ் லைனுக்கெண்டு கொஞ்ச நம்பர் இருக்கு, லைப்ரரி அதை முன்னமே கொம்பனிக்கு எழுதிக் குடுத்திருக்கும், அந்த நம்பரில இருந்து ஆர் வந்தாலும் கதவு திறக்கும். உங்கட வீட்டு றூட்டரின்ர நம்பர் போன் கொம்பனியின்ர நம்பர், அது அந்தப் பட்டியலில இல்லை, அதான் 39 டொலர். தயவுசெய்து அதைக் கட்டிப்போடாதேங்கோ, உங்கட கம்பஸ் ஏற்கனவே கட்டின சாமானுக்கு நீங்கள் திருப்பிக் கட்டுறீங்கள்.

இதுக்கு ப்ரொக்ஸி எண்டு ஒரு வழி இருக்கு. நீங்கள் வீட்டில இருந்து லைப்ரரியின்ர சேர்வருக்கு உங்கட பேரும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ளுக்க போறீங்கள், பிறகு அந்தச் சேர்வர் உங்களுக்காகப் போய்க் கட்டுரையை வாங்கிக்கொண்டு வந்து தரும், கொம்பனிக்குத் தெரியிறது கம்பஸ் நம்பர்தான். உலகம் முழுக்கக் கன லைப்ரரியள் பாவிக்கிற ஈஸிப்ரொக்ஸி எண்டதை 1999ல கிறிஸ் சகார் எண்ட ஒரு அமெரிக்க லைப்ரரியன்தான் எழுதினவர், 2008ல அதை ஓசிஎல்சி எண்ட லைப்ரரியளுக்கான அமைப்பு வாங்கினது. உங்கட இடத்தில அது இருக்கோ, இல்லை வேற ஏதும் லொகின் முறையோ எண்டு லைப்ரரியில ஒருக்காக் கேளுங்கோ. கன பேர் கேக்கிறதே இல்லை, மூண்டு வருசம் படிச்சு முடிச்சிட்டுப் போற நேரத்தில 'அப்பிடியும் ஒண்டு இருந்ததோ' எண்டு கேட்ட பெடியளை நான் கண்டிருக்கிறன்.

முக்கியமான விசயம், கூகிளில தேடி வாற லிங்க் இந்த வழியால போகாது. லைப்ரரியின்ர பக்கத்தில இருந்து தொடங்கினாத்தான் ப்ரொக்ஸி கூட வரும். லைப்ரரிக்குள்ள இருந்து பாத்த பக்கத்தின்ர விலாசத்தை மேல இருந்து கொப்பி பண்ணி வைக்கிறதிலயும் பிரயோசனம் கொஞ்சம்தான், சிலது அந்த நேரத்துக்கு மட்டும் வேலை செய்யிற விலாசம். கட்டுரைக்குக் கீழ 10 எண்டு தொடங்குற டிஓஐ நம்பர் இருக்கும் பாருங்கோ, அதைக் குறிச்சு வையுங்கோ, கொம்பனி கைமாறினாலும் வெப்சைட் மாறினாலும் அது ஆளைத் தேடிப் பிடிக்கும்.

இன்னொண்டு. கம்பஸுக்குள்ள நிண்டும் காசு கேக்குது எண்டு சில பேர் எழுதியிருக்கினம். போனில வைஃபை போட்டிருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு டேற்றாவில நிப்பினம், மரத்துக்குக் கீழ வைஃபை கொஞ்சம் விட்டுவிட்டு வந்தாப் போன் தானாவே டேற்றாவுக்கு மாறிப்போடும். டேற்றாவை ஓஃப் பண்ணிப்போட்டு ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கோ, பாதிப் பிரச்சினை அதிலயே முடியும். வேற கம்பஸுக்குப் போய் எடுறோம் எண்ட கம்பஸுகளுக்குப் பொதுவான வைஃபையில உங்கட பாஸ்வேர்டைக் குடுத்து வைஃபை எடுத்தாலும் ஐபி நம்பர் அந்தக் கம்பஸின்ர தான், அதால அவை வாங்கின ஜேர்னல்தான் திறக்கும், உங்கட இடத்தில வாங்கினது திறக்காது. இதை ஒரு வசதியாவும் எடுக்கலாம், நான் சொன்னது விளங்கியிருக்கும்.

கேள்வி (விஞ்ஞானபீட மாணவன், பேர் ஊர் வேண்டாமாம்): எங்கட கட்டலொக்கில ஒரு ஜேர்னலின்ர பேரை அடிச்சா இறாக்கையில கிடக்கிற பழைய பைண்ட் பண்ணின வொலியூம் மட்டும்தான் காட்டுது. லைப்ரரியன் ஒன்லைன்ல இருக்கு எண்டுறார். ஆரை நம்புறது?

பதில்: தம்பி, ரெண்டும் உண்மைதான், அதுதான் இதில வயித்தெரிச்சல். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லப்போறன், ஏனெண்டா வந்த கடிதத்தில அரைவாசி சுத்திச் சுத்தி இதைத்தான் கேட்டிருக்கு.

கட்டலொக்கில நீங்கள் பாக்கிற ஒவ்வொரு பதிவும் உள்ளுக்க மார்க் எண்ட முறையில எழுதிக் கிடக்கு. 1960களில அமெரிக்கக் காங்கிரஸ் லைப்ரரியில ஹென்றியெற் அவ்ரம் எண்ட அம்மா செய்தது, அவ லைப்ரரி படிச்சு வந்த ஆளும் இல்லை, கொம்பியூட்டர் புரோகிராமர். ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு நம்பர், 100 எண்டா ஆசிரியர், 245 எண்டாத் தலைப்பு, 022 எண்டா ஐஎஸ்எஸ்என் (ஜேர்னலுக்கு உரிய அடையாள நம்பர்), 856 எண்டா லிங்க். உங்கட ஜேர்னலின்ர பதிவை எப்பவோ ஒரு காலம் பழைய கார்டைப் பாத்துப் பாத்து ஆரோ அடிச்சிருப்பினம், கார்டில லிங்க் ஏது, அதால 856 வெறுமையாக் கிடக்கு. ஒன்லைன் வாங்கிறது இப்ப ஒண்டொண்டா இல்லை, பொதியா, ஒரு பொதிக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரம் ஜேர்னல் கிடக்கும், அதுக்கு ஒரு பட்டியல் பைலா வரும், அந்தப் பைலை ஆரும் கட்டலொக்குக்குள்ள ஏத்தாட்டி வாங்கினது வாங்கினபடி, தெரியிறது தெரிஞ்சபடி. லைப்ரரியின்ர வெப்சைட்டில வேற ஒரு மூலையில ஏ டு இசட் எண்டு ஒரு பட்டியல் கிடக்கும், அங்க இருக்கும். ஆனா நீங்கள் தேடினது கட்டலொக்கில.

ஏத்தினாலும் பிறகொரு சிக்கல் இருக்கு. அச்சில வாறதுக்கு ஒரு ஐஎஸ்எஸ்என், ஒன்லைன்ல வாறதுக்கு வேற ஐஎஸ்எஸ்என். நேச்சரை எடுங்கோ, 1869ல தொடங்கின பழைய இதழ், அச்சுக்கு 0028-0836, ஒன்லைனுக்கு 1476-4687. பதிவில அச்சு நம்பர் மட்டும் இருந்து, கொம்பனியின்ர பட்டியலில ஒன்லைன் நம்பர் மட்டும் வந்தா, கொம்பியூட்டருக்கு ரெண்டும் ரெண்டு ஜேர்னல். ஒரு கட்டுரையின்ர விபரத்தை வைச்சு 'இது எங்களிட்ட எங்க இருக்கு' எண்டு தேடிக் குடுக்கிற லிங்க் றிசோல்வர் இருக்குதெல்லோ (பெல்ஜியத்தில கென்ற் பல்கலைக்கழகத்தில ஹேர்பேர்ட் வான் டி சொம்பல் தொடக்கின வேலை அது), அதுவும் இந்த நம்பரைப் பிடிச்சுத்தான் நடக்கும். நம்பர் பிழைச்சா அது வந்து 'இல்லை' எண்டு சொல்லும், சும்மா சொல்லாது, நல்ல மரியாதையாச் சொல்லும், நீங்களும் நம்பிப்போட்டுப் போவீங்கள்.

ஐஎஸ்எஸ்என் அடிக்கேக்க பிழை விட்டமோ எண்டு கையால கணக்குப் பாக்கலாம், நாங்கள் அப்பிடித்தான் பாத்தனாங்கள். முதல் ஏழு இலக்கத்தையும் வரிசையா 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல பெருக்கிக் கூட்டுங்கோ. நேச்சருக்கு 0, 0, 12, 40, 0, 24, 6, கூட்டினா 82. 82ஐ 11 ஆல பிரிச்சா மிச்சம் 5. 11ல இருந்து 5 போனா 6, கடைசி இலக்கம் 6 தான், சரி. 10 வந்தா எக்ஸ் எண்டு போடுறது. சில பிள்ளையள் அந்த எக்ஸை அச்சுப்பிழை எண்டு நினைச்சு விட்டுப்போட்டு அடிக்குங்கள், பிறகு ஒண்டும் வராது.

நான் பென்சன் எடுக்கக் கொஞ்சம் முந்தி நடந்த ஒண்டு சொல்லுறன். 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபாய்க்குப் போன நேரம், கரண்டும் இல்லை, நான் இருந்த இடத்தில எந்த ஜேர்னலை வெட்டுறது எண்டு ஒரு கூட்டம். ஆர் எவ்வளவு பாவிச்சது எண்டு கொம்பனி அனுப்பின கணக்கை வைச்சுக்கொண்டு இருக்கினம், அதில ஒரு இரசாயனவியல் ஜேர்னலுக்கு முழு வருசமும் பூச்சியம். வெட்டுங்கோ எண்டு ஒரே குரல். எனக்கு மனசு கேக்கேல்லை, ஏனெண்டா அந்தப் பக்கம் படிக்கிற ரெண்டு பெட்டையள் அதே ஜேர்னலின்ர கட்டுரையை வேற ஆக்களிட்டக் கேட்டு எடுப்பிச்சதை நான் கண்டனான். போய்ப் பதிவைத் திறந்தன், 856ல கிடந்தது கொம்பனி எப்பவோ விட்டுப்போட்ட பழைய விலாசம். அமத்தினா நேரா அவையின்ர முன்பக்கத்துக்குப் போகுது, எங்கட ஜேர்னல் அங்க தெரியாது, பிள்ளையள் 'இல்லையாக்கும்' எண்டு மூடிப்போட்டுப் போயிருக்கினம். ஒரு வரி திருத்தினது, ரெண்டு நிமிசம். அடுத்த கணக்கில பூச்சியம் இல்லை. அந்த ஒரு வரியைப் பாக்காம விட்டிருந்தா வெட்டியிருப்பினம், வெட்டின பிறகு 'பாத்தீங்களோ, ஒருத்தரும் தேடேல்லை' எண்டும் சொல்லியிருப்பினம்.

லைப்ரரிக்காரர் ஆரும் இதை வாசிச்சா: கோஹா எண்ட லைப்ரரி மென்பொருளில லிங்க் செத்திட்டுதோ எண்டு பாக்கிற ஸ்கிரிப்ட் கூடவே வருகுது, மாதத்துக்கு ஒருக்கா ஓட விடுங்கோ. ஆனா அதை முழுக்க நம்பாதேங்கோ, காசு கேக்கிற பக்கமும் ஒரு பக்கம்தான், ஸ்கிரிப்டுக்கு அது 'சரி' எண்டுதான் தெரியும், நான் சொன்ன பழைய விலாசமும் அதில தப்பியிருக்கும். பொதிக்குப் பத்து எடுத்துக் கையால அமத்திப் பாக்கிற வேலைக்கு மாற்று இல்லை, அதையும் கம்பஸுக்கு வெளிய நிண்டு பாருங்கோ, உள்ளுக்க நிண்டு பாத்தா எல்லாம் திறக்கும். அச்சுக்கும் ஒன்லைனுக்கும் தனித்தனிப் பதிவு போடுறதோ ஒண்டில சேர்க்கிறதோ எண்டு எங்கட துறைக்குள்ள எப்பவும் ஒரு சண்டை, நான் சேர்க்கிற பக்கம்தான், தேடுற பிள்ளைக்கு ஒரே இடத்தில தெரியவேணும். தனித்தனி எண்டா 776 எண்ட இடத்தில ஒண்டை ஒண்டோட கட்டிப்போட்டாவது விடுங்கோ.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது, திறக்காத ஒவ்வொண்டையும் டிஓஐ, திகதி, எங்க நிண்டு பாத்தது, ஸ்கிரீன்ஷொட், இந்த நாலோடயும் லைப்ரரிக்கு ஈமெயில் பண்ணுறது. 'ஜேர்னல் வேலை செய்யுதில்லை' எண்டு மொட்டையா எழுதினா அங்க இருக்கிற ஆள் என்னத்தைத் தேடுறது.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பருத்தித்துறை): றோயல் ஏசியாற்றிக் சொசைட்டியின் பழைய சஞ்சிகையில் யாழ்ப்பாணம் பற்றி வந்த கட்டுரைகளைப் பார்க்க விரும்புகிறேன். ஒரு நூலகப் பட்டியலில் சில ஆண்டுகள் இருக்கின்றன, பிறகு திடீரென நின்றுவிடுகிறது. வருவதை நிறுத்திவிட்டார்களா?

பதில்: ஐயா, நிக்கேல்லை, பேர் மாறிப்போச்சு. 1845ல தொடங்கின சங்கம், சஞ்சிகையின்ர பேரில முந்தி 'சிலோன் பிராஞ்ச்' எண்டு இருந்தது, 1972ல நாட்டுக்குப் பேர் மாறினதோட அதுவும் 'சிறீலங்கா பிராஞ்ச்' ஆச்சு, அதுக்குப் பிறகு பிராஞ்சும் போய் 'றோயல் ஏசியாற்றிக் சொசைட்டி ஒஃப் சிறீலங்கா' எண்டு வந்தது. பேர் மாறினாப் புதுப் பதிவு போடவேணும் எண்டது பட்டியலாக்க விதி. பழைய பதிவில 'இதுக்குப் பிறகு இந்தப் பேர்', புதுப் பதிவில 'இதுக்கு முந்தி இந்தப் பேர்' எண்டு 785லயும் 780லயும் எழுதிவிட்டா ஒண்டில இருந்து மற்றதுக்குத் தாவலாம். எழுதாட்டி நீங்கள் சொன்னது மாதிரித்தான், நடு றோட்டில பாலம் உடைஞ்சது போல. மூண்டு பேரிலயும் தனித்தனியாத் தேடிப் பாருங்கோ. ஜேஸ்ரோர் எண்ட ஒன்லைன் ஜேர்னல் களஞ்சியத்திலயும் இந்தச் சஞ்சிகை இருக்கு, ஒரு இலவசக் கணக்குத் திறந்தா மாதத்துக்கு 100 கட்டுரை வரைக்கும் ஸ்கிரீனில வாசிக்கலாம். பேரப்பிள்ளை ஆரும் பக்கத்தில இருந்தாக் கணக்குத் திறக்கிற வேலை அஞ்சு நிமிசம், ஐயா.

கேள்வி (பாடசாலை நூலக உதவியாளர், சாவகச்சேரிப் பக்கம்): எங்களிட்டப் பழைய கொம்பியூட்டரில ஆறாயிரம் புத்தகத்துக்கு மேல பாமினியில அடிச்ச பட்டியல் இருக்கு. கோஹாவுக்கு மாத்தப் போறம். தமிழில தேடினா வருமோ?

பதில்: அப்பிடியே ஏத்தினா வராது, தங்கச்சி. பாமினி ஒரு எழுத்துரு வேசம்தான், உள்ளுக்க கிடக்கிறது இங்கிலிஷ் எழுத்து. நீங்கள் 'அம்மா' எண்டு அடிச்சா கொம்பியூட்டர் எழுதி வைக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேல பாமினிச் சட்டையைப் போட்டா அம்மா, சட்டையைக் கழட்டினா வெறும் கிறுக்கல். கோஹாவுக்கு அந்தச் சட்டை தெரியாது, பிள்ளை போனில யூனிகோட்டில (இப்ப எல்லா இடமும் பாவிக்கிற பொது எழுத்து முறை) 'அம்மா' எண்டு தேட, உள்ளுக்க எம் கே அரைப்புள்ளி கிடக்க, எப்பிடிச் சந்திக்கிறது. 

மாத்திற மென்பொருள் இன்டர்நெட்டில கனக்க இருக்கு, அதில ஆபத்து வேற இடத்தில. முழுப் பைலையும் ஒரேயடியாக் குடுத்திடாதேங்கோ. உங்கட பட்டியலில தலைப்பு பாமினியில இருக்கும், பதிப்பகத்தின்ர பேர் சிலது உண்மையான இங்கிலிஷில இருக்கும், மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது, நல்ல இங்கிலிஷையும் பிடிச்சுத் தமிழ்க் கிறுக்கலாக்கி வைக்கும். முதல்ல ஒரு கொப்பி எடுத்து எங்கயாவது பத்திரமா வையுங்கோ (ரெண்டு இடத்தில, ஒண்டு உங்கட வீட்டில). பிறகு எக்செலில போட்டு, தமிழ் மட்டும் இருக்கிற நிரலைத் தனியாப் பிரிச்சு அதை மட்டும் மாத்துங்கோ. ரெண்டும் கலந்து கிடக்கிற நிரலைக் கடைசிக்கு வைச்சுக் கையால பாருங்கோ, கஷ்டம்தான், அம்பது அம்பதாச் செய்தா முடியும்.

மாத்தின பிறகு கொ, கோ, கௌ வரிசையைக் கட்டாயம் பாருங்கோ. பாமினியில கொம்பை முதல் அடிச்சு, பிறகு எழுத்து, பிறகு கால், கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில கிடக்கும். யூனிகோட்டில எழுத்து முதல், அதுக்குப் பிறகுதான் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. மட்டமான மென்பொருள் கொம்பையும் காலையும் தனித்தனியா விட்டுப்போடும், பாக்க ரெண்டும் ஒரே 'கொழும்பு'தான், சில தேடல் மெஷினுக்கு அது ரெண்டு சொல்லு. 'ஸ்ரீ'யும் அப்பிடித்தான், ரெண்டு விதமா எழுதலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அதாலதான் நான் வசதிப்பட்ட இடத்தில 'சிறீ' எண்டே எழுதிவிடுறது, ஆரும் பாராட்டேல்லை எண்டாலும் தேடினா வரும்.

பிறகு பேர். எங்கட ஆக்களின்ர பேர்தான் பட்டியலாக்கத்தில பெரிய தலையிடி. பேராசிரியர் கைலாசபதியை எடுங்கோ, 1974ல யாழ்ப்பாண வளாகம் தொடங்கேக்க முதல் தலைவரா இருந்தவர், சில புத்தகத்தில க. கைலாசபதி, சிலதில கனகசபாபதி கைலாசபதி, இங்கிலிஷில கடைசி எழுத்து ஒரு இடத்தில வை, ஒரு இடத்தில ஐ. சிவத்தம்பி சேர் பாடு இன்னும் மோசம். இங்க எல்லாரும் அவர் பேரை இங்கிலிஷில எஸ் போட்டு எழுதுவினம், காங்கிரஸ் லைப்ரரியின்ர தமிழ் ஒலிபெயர்ப்பு முறையில 'ச' வந்தா சி எண்ட எழுத்துத்தான், அதால தமிழ்ப் புத்தகத்தை அந்த முறையில பதிஞ்சா அவர் சி வரிசையில போய் இருப்பார். யாழ்ப்பாணமும் இங்கிலிஷ் பேரில ஜே வரிசையில, ஒலிபெயர்த்த பேரில வை வரிசையில. இதுக்குத்தான் பேருக்கெண்டு தனிப் பதிவு வைக்கிறது, ஒரு வடிவத்தைத் தலைவடிவமா எடுத்து மற்ற எல்லாத்தையும் அதுக்குக் கீழ 400ல எழுதிவிட்டா, எப்பிடித் தேடினாலும் ஒரே ஆளிட்டப் போய் நிக்கும். ஆறாயிரம் புத்தகத்துக்கும் உடனே செய்ய ஏலாது. அதிகம் தேடுற நூறு எழுத்தாளருக்கு முதல்ல செய்யுங்கோ. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழ் எழுத்தில தலைப்புக் கட்டாயம் இருக்கவேணும், இங்கிலிஷ் ஒலிபெயர்ப்பு மட்டும் போட்டுவிட்டு 'தமிழ்ப் பிரிவு' எண்டு போர்ட் தொங்கவிடுற லைப்ரரியளை எனக்குக் கண்ணில காட்டேலாது. ரெண்டும் போட இடம் இருக்கு, 880 அதுக்குத்தான்.

கார்ட் பெட்டியை எறிஞ்சுபோடாதேங்கோ எண்டும் ஒரு சொல்லு. தொண்ணூறுகளில இங்க கரண்ட் இல்லாத வருசங்களில குப்பி விளக்கு வெளிச்சத்திலயும் அது வேலை செய்தது, பிறகு 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளிலயும் வேலை செய்திருக்கும், ஆனா அதுக்குள்ள எங்களில கன பேர் பெட்டியை விறகுக்குக் குடுத்திட்டம்.

கேள்வி (தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்): மருத்துவ ஜேர்னல் எங்களுக்கு இலவசம் எண்டு ஒரு டொக்டர் சொன்னார். உண்மையோ? நான் தனிய எடுக்கலாமோ?

பதில்: உண்மை, ஆனா தனி ஆளுக்குக் குடுக்கிறேல்லை. ஹினாரி எண்டு 2002ல உலக சுகாதார நிறுவனம் கொம்பனியளோட சேர்ந்து தொடங்கினது, வருமானம் குறைஞ்ச நாடுகளில இருக்கிற ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், அரச அலுவலகம் போல நிறுவனங்களுக்கு இலவசமா இல்லாட்டிச் சின்னக் கட்டணத்தில. அதோட கூடப்பிறந்ததுகளும் இருக்கு, விவசாயத்துக்கு 2003ல அகோரா, சுற்றாடலுக்கு 2006ல ஓஏஆர்இ, சட்டத்துக்கு 2018ல கோலி, எல்லாத்தையும் சேர்த்து இப்ப ரிசேர்ச்ஃபோலைஃப் எண்டுறது. நிறுவனம் ஒருக்காப் பதிஞ்சா அதுக்கு ஒரு பாஸ்வேர்ட் வரும், அங்க வேலை செய்யிற எல்லாரும் பாவிக்கலாம். ஆஸ்பத்திரி லைப்ரரியிலயோ பயிற்சிப் பிரிவிலயோ கேளுங்கோ, பதிஞ்சு வைச்சுப்போட்டுப் பாஸ்வேர்ட் ஆற்றையோ மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற இடங்கள் உண்டு. எல்லாக் கொம்பனியும் எல்லா நாட்டுக்கும் எல்லா ஜேர்னலும் தராது, பட்டியலில பேர் தெரிஞ்சும் திறக்காட்டி உங்களில பிழை இல்லை.

பாஸ்வேர்டே தேவைப்படாததுகளும் இருக்கு. எங்கட நாட்டு ஜேர்னல்களுக்கு 2008ல தொடங்கின சிறீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கு, 1887ல இருந்து வாற சிலோன் மெடிக்கல் ஜேர்னலும் அங்க கிடக்கு, வாசிக்க ஒரு சதமும் வேண்டாம். உலக அளவில டிஓஏஜே எண்ட பட்டியல் இருக்கு, 2003ல சுவீடனில லுண்ட் பல்கலைக்கழகத்தில தொடங்கினது, திறந்த ஜேர்னல்களை மட்டும் பாத்துச் சேர்க்கிறது. காசு கேட்டு ஈமெயில் போட்டு 'உங்கட கட்டுரையை ரெண்டு நாளில போடுறம்' எண்டு வாற ஆக்கள் உண்மையான ஆக்களோ எண்டு பாக்கவும் இந்தப் பட்டியல் உதவும்.

கேள்வி (பல பேர்): காசு கேக்கிற கட்டுரையளைச் சும்மா தாற சை-ஹப் தளத்தில எடுத்தா என்ன?

பதில்: ஏன் இந்தக் கேள்வி வருகுது எண்டு எனக்கு நல்லா விளங்குது, விளங்கியும் அதை எடு எண்டு ஒரு லைப்ரரிக்காரி பத்திரிகையில எழுத ஏலாது, அது உரிமை இல்லாமப் போட்டு வைச்சிருக்கிறது, கோர்ட் வரைக்கும் போன விசயம். ஆனா அங்க ஓட முந்தி மூண்டு வேலை செய்யுங்கோ. அன்பேவோல் எண்ட சின்ன இணைப்பை பிரவுசரில போடுங்கோ, எழுத்தாளர் சட்டப்படி இலவசமா எங்கயாவது வைச்சிருந்தாப் பக்கத்தில பச்சைப் பூட்டுக் காட்டும், அமத்தினா வரும். கூகிள் ஸ்கொலரில கட்டுரைக்குக் கீழ 'எல்லாப் பதிப்பும்' எண்டு இருக்கிறதை அமத்திப் பாருங்கோ. ரெண்டிலயும் இல்லாட்டி எழுதின ஆளுக்கே ரெண்டு வரி ஈமெயில் போடுங்கோ, தன்ர கட்டுரையை யாழ்ப்பாணத்தில ஒரு பிள்ளை கேக்குது எண்டா அவைக்கும் சந்தோசம்தான், நான் போட்ட ஈமெயில்களுக்குக் கன பேர் அடுத்த நாளே அனுப்பினவை, ஒருத்தர் கூடவே வேற மூண்டும் அனுப்பினவர்.

கேள்வி (நெல்லியடி வாசகி): அப்பப்பாவின்ர அலுமாரியில மல்லிகை, ஈழகேசரி, இன்னும் பேர் தெரியாத கனக்கப் பழைய இதழ்கள். கறையான் பிடிக்கத் தொடங்கிட்டுது. ஸ்கான் பண்ணி ஃபேஸ்புக்கில போடட்டோ?

பதில்: ஃபேஸ்புக்கில போட்டா மூண்டு நாள் லைக் வரும், நாலாம் நாள் நீங்களே தேடி எடுக்க மாட்டீங்கள். 'நூலகம்' எண்ட பேரில இருக்கிற இணையத்தளக்காரரோட கதையுங்கோ, 2005ல இருந்து எங்கட ஆக்கள் இந்த வேலையைத்தான் செய்து வருகினம். படம் பிடிச்சுப் போடுறதை விட எனக்கு அவையில பிடிச்சது, ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் போட்டு உள்ளடக்கத்தை வரி வரியாத் தமிழில அடிச்சு வைச்சிருக்கினம், இன்ன கதை, எழுதினது இன்னார் எண்டு. அதாலதான் வெளிநாட்டில இருந்து ஒரு பிள்ளை தன்ர பூட்டியின்ர பேரை அடிச்சு அவ எப்பவோ எழுதின கவிதையைக் கண்டுபிடிக்குது. பெரிய பெரிய கம்பஸ் கட்டலொக்கிலயும் பழைய தமிழ்ச் சஞ்சிகை எண்டா 'தொகுதி 3, குறைவு' எண்டு ஒரு வரியோட சரி.

குடுக்க முந்தி உங்களிட்ட இருக்கிறதில அவையிட்ட இல்லாத இதழ் எது எண்டு பாருங்கோ, மல்லிகை 1966ல இருந்து கன வருசம் வந்தது, கன இதழ் ஏற்கனவே ஏறியிருக்கும், பேர் தெரியாததுகள்தான் பெறுமதி. கறையான் பிடிச்சதை வெயிலில காயப்போடாதேங்கோ, தாள் நொறுங்கிப்போடும், நிழலில காத்துப்படப் பரப்பி, மெல்லிய தூரிகையால தட்டி விடுங்கோ. கட்டி இருக்கிற தையலைப் பிரிக்க வேண்டாம். அட்டை போனதுகளை எறியப் பாப்பீங்கள், எறியாதேங்கோ, உள்ளுக்க ஆசிரியர் பக்கத்துக்குக் கீழயோ கடைசிப் பக்கத்தில அச்சகத்தின்ர பேருக்குப் பக்கத்திலயோ மாதமும் இதழ் நம்பரும் இருக்கும், அதுவும் இல்லாட்டி விளம்பரத்தைப் பாருங்கோ, தீபாவளி வாழ்த்தோ தைப்பொங்கல் வாழ்த்தோ இருந்தா மாதம் பிடிபடும். அதை ஒரு துண்டில பென்சிலால எழுதி இதழுக்குள்ள வையுங்கோ, பேனையால வேண்டாம்.